பங்கேற்றலும் வந்திருத்தலும்: 28ஆம் உறுப்பின் இரண்டு வினைச்சொற்கள்

அரசுப் பள்ளிகளில் நடக்கும் சரசுவதி பூசையையும் அதையொத்த சமய விழாக்களையும் சட்ட நோக்கில் ஆராய்ந்தவர்களுள் ஒரு சாரார் நெடுங்காலமாக ஒரே முடிவைச் சொல்லிவருகிறார்கள். அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, முதல் கூறில், முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்விநிலையங்களில் சமய போதனையை விலக்குகிறது. விழா போதனை அன்று, பண்பாடு. ஆகவே விழாவுக்குத் தடையில்லை. இதற்குச் சான்றாக 1948 டிசம்பர் 7 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் தந்த விளக்கம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. அந்த விளக்கத்தை இவர்கள் பொருள்கொள்ளும் முறை பிழையானது என்பதே என் கருத்து. பிழைக்குக் காரணம், விளக்கத்தை அது எழுந்த கேள்வியிலிருந்து பிரித்தெடுத்ததுதான்.

கேள்வியைக் கேட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த லட்சுமி காந்த மைத்ரா. வேதம், ஸ்மிருதி, கீதை, உபநிடதம் ஆகியவற்றைக் கற்பிக்கும் சமஸ்கிருதக் கல்விநிலையங்கள் இந்த விதியால் மூடப்பட்டுவிடுமா என்பது அவர் கவலை. அம்பேத்கரின் பதில் அந்தக் கவலைக்கு அளவெடுத்துத் தைத்தது. சமய போதனை வேறு, ஆய்வும் படிப்பும் வேறு என்றார் அவர். இறைவன் ஒருவனே, நபிகளே இறுதித் தூதர் என நம்பச் செய்வது போதனை என இஸ்லாத்திலிருந்து எடுத்துக்காட்டினார். நம்பிக்கைக் கோட்பாட்டை ஊட்டுவதும் ஒரு நூலைப் படிப்பதும் ஒன்றல்ல என்று முடித்தார். கேள்வியும் நூலைப் பற்றியது, பதிலும் நூலைப் பற்றியது. அந்தச் சிறு உரையாடலில் ஆரத்தி இல்லை, கற்பூரம் இல்லை, கூப்பிய கை இல்லை. கோட்பாட்டுக்கும் படிப்புக்கும் இடையே இழுக்கப்பட்ட கோட்டைக் கொண்டு, இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்றை அளக்க முடியாது. விழாவில் எவரும் எதையும் படிப்பதில்லை, செய்கிறார்கள்.

பிற்காலத் தீர்ப்புகளும் இதே எல்லைக்குள்தான் நிற்கின்றன. 1971இன் டி.ஏ.வி. கல்லூரி வழக்கு குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் ஆராய்வது பற்றியது. 2002இன் அருணா ராய் வழக்கு தேசியக் கலைத்திட்டம் பற்றியது. இரண்டிலும் நீதிமன்றம் அனுமதித்தது சமயங்களைப் பற்றிய படிப்பை. அவற்றைப் பூசைக்கு ஆதரவாகக் காட்டுவது பொருந்தாது.

இனி, இதுவரை கவனம் பெறாத மூன்றாம் கூறுக்கு வருகிறேன். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்விநிலையங்களில் பயில்வோர் தம் இசைவின்றி, சிறார் என்றால் காப்பாளர் இசைவின்றி, இரண்டைச் செய்யுமாறு வற்புறுத்தப்படக் கூடாது என்கிறது அது. ஒன்று, சமய போதனையில் பங்கேற்பது. மற்றது, சமய வழிபாட்டுக்கு வந்திருப்பது. ஆங்கில மூலத்தில் போதனைக்கு ‘டேக் பார்ட்’ என்றும் வழிபாட்டுக்கு ‘அட்டெண்ட்’ என்றும் வெவ்வேறு வினைகள் ஆளப்பட்டுள்ளன. போதனையைப் பொறுத்தவரை ஈடுபட்டால்தான் இசைவு பற்றிய கேள்வி எழும். வழிபாட்டைப் பொறுத்தவரை அங்கே இருந்தாலே எழும்.

வரைவாளர்கள் சொல் மாற்றத்துக்காகச் செய்த மாற்றம் இது, இதன் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். நியாயமான தயக்கம், எனக்கும் அது இருந்தது. ஆனால் இதே பொருளில் அமைந்த முந்தைய சட்டங்களோடு ஒப்பிட்டால் தயக்கம் குறைகிறது. இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் தன் மனச்சான்று விதியில் சமயச் சடங்கு, சமயப் பாடம் இரண்டுக்குமே ‘அட்டெண்ட்’ என்ற ஒரே வினையை வைத்தது. அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பும் சமயப் போதனைக்கு அதே வினையைத்தான் பயன்படுத்துகிறது. நம் வரைவில் மட்டும் போதனைக்கு வினை மாறியிருக்கிறது, வழிபாட்டுக்கு மாறவில்லை. 1948 வரைவின் 22ஆம் உறுப்பிலேயே இருந்த இந்த வேறுபாடு, வேறு திருத்தங்கள் பல நடந்தும் அழியாமல் இறுதி வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் திட்டமிட்டு வைத்தார் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் உள்ளபடி படிக்கும்போது இந்த வேறுபாடு பொருள் தருகிறது.

அந்தப் பொருள் எத்தகையது என்பதை நான் நேரில் கண்ட ஒன்றால் சொல்ல வேண்டும். ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஆயுதபூசை விடுமுறைக்கு முந்தின நாள் பிற்பகல். வாசலில் வாழைக்கன்று, கரும்பலகையின் நான்கு மூலைகளிலும் சந்தனமும் குங்குமமும், மேசையில் சாமந்தி மாலையிட்ட சரசுவதி படம், அதன் முன் பிள்ளைகளின் பாடப்புத்தகக் கட்டு. ஆசிரியை கற்பூரத் தட்டோடு வரிசை வரிசையாக வந்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டது. தட்டு தன்னிடம் வந்தபோது ஒரு சிறுமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தட்டு ஒரு கணம் நின்று நகர்ந்தது. யாரும் அதட்டவில்லை. முன்வரிசைத் தலைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பின. பிறகு பொரிகடலை கொடுத்தார்கள். அவளும் பாவாடையில் ஏந்தி வாங்கிக்கொண்டாள். ‘யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே’ என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தால் அது உண்மைதான். ஆனால் அவள் செய்ய வேண்டியிருந்ததைப் பாருங்கள். பங்கேற்காமல் இருக்கலாம், அங்கே இல்லாமல் இருக்க அவளுக்கு வழியில்லை. சட்டத்தின் சொல் காப்பது அந்த இரண்டாவதை.

சும்மா நின்றால் என்ன குறைந்துவிடும் என்பார்க்கு 1986இன் பிஜோ இம்மானுவேல் தீர்ப்பே விடை. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண்ணின்போது எழுந்து நின்றார்கள், பாடவில்லை, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. வாயைத் திறக்காவிட்டாலும் எழுந்து நின்றதே உரிய மரியாதை என்றது. அவ்வாறாயின் மௌனமாக நிற்பது வெறுமை அன்று, அதற்கு ஒரு பொருள் உண்டு. நாட்டுப்பண்ணின் முன் நிற்பது மரியாதை என்றால் சாமி படத்தின் முன் நிற்பது மட்டும் ஒன்றுமில்லாதது ஆகுமா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று. முதல் கூறில் ‘வழிபாடு’ என்ற சொல்லே இல்லை. மூன்றாம் கூறில் இருக்கிறது. ஆகவே முதல் கூறு வழிபாட்டை வேண்டுமென்றே விட்டுவைத்தது என்பர். இதை ஏற்றால் விளைவு என்ன? சமயச் சார்புள்ள தனியார் பள்ளியில் காப்பாளர் இசைவு தேவைப்படும் வழிபாடு, போதனையே முற்றும் விலக்கப்பட்ட அரசுப் பள்ளியில் எவரையும் கேளாமல் நடக்கலாம் என்றாகும். அதிகக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் குறைந்த பாதுகாப்பு. சட்டத்தை இப்படித் தலைகீழாக நிறுத்த உறுப்பின் வரலாறும் இடம் தரவில்லை. வரைவில் ‘அரசால்’ போதிக்கப்படும் என்றுதான் இருந்தது. இறுதி வடிவில் ‘அரசால்’ விழுந்துவிட்டது. பள்ளி வேலைநேரத்துக்கு வெளியே ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குப் போதிக்கலாம் என்ற வரைவுக் கூறும் நீங்கிவிட்டது. யார் செய்கிறார்கள், எந்நேரம் செய்கிறார்கள் என்ற விதிவிலக்குகள் கழிய, மிஞ்சியது இடம்: முழுக்க அரசு நிதியில் நிற்கும் கட்டடம். மாணவர்களே காசு திரட்டிச் செய்கிறார்கள், மணியடித்த பிறகுதான் செய்கிறார்கள் என்ற சமாதானங்கள் இதற்கு மேல் பெரிதாகத் தேறா.

அரசுப் பள்ளி ‘அங்கீகாரம் பெற்ற’ பள்ளி ஆகாது, ஆகவே மூன்றாம் கூறு அதற்குப் பொருந்தாது என்றும் ஒரு வாதம் உண்டு. தானே நடத்தும் பள்ளியை அரசு அங்கீகரிக்கவில்லை என்பதை எவரும் மனமாரச் சொல்லமாட்டார்.

‘படிப்பு’ என்ற சொல்லை விழாவரைக்கும் நீட்டினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று போதும். தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரப் பள்ளிகளின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் தொடர்பான ஃப்ளோரி வழக்கில், 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை, பொதுமேடையில் நிகழ்த்துவதும் படிப்பில் அடங்கும் என்று கொண்டது. அந்த ஒரு நீட்சியால் வகுப்பறைக்கும் விழாமேடைக்கும் இடையிலிருந்த சுவர் போய்விட்டது. அதை ஏற்க மறுத்துத் தனித்தீர்ப்பு எழுதிய நீதிபதி மெக்மிலியன் பக்கமே நான் நிற்கிறேன். அம்பேத்கர் சொன்ன ‘படிப்பு’க்கும் இதே நீட்சியைத்தான் நம்மவர்கள் ஓசையில்லாமல் செய்துவருகிறார்கள்.

இவ்வாதம் வாழ்த்துகளைத் தொடாது. காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ரம்ஜான் வாழ்த்தோ தீபாவளி வாழ்த்தோ சொன்னால், அது மனிதர் மனிதரைப் பார்த்துச் சொல்வது. கேட்கும் பிள்ளை வாழ்த்தப்படுகிறது, வணங்குமாறு கேட்கப்படுவதில்லை. கொழுக்கட்டையும் கேக்கும் பகிர்வதும், பானை பொங்கும்போது முற்றத்தில் குலவையிடுவதும் அப்படியே. படையலிட்டு வரிசையில் நிறுத்திக் கும்பிடச் சொல்லும் கணத்தில்தான் பேசும் திசை மாறுகிறது. பண்பாடா சமயமா என்ற முடிவில்லாத சண்டையை விட்டுவிட்டு, சொல் யாரை நோக்கிப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலான நிகழ்வுகளைப் பிரித்துவிடலாம். எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. காலை இறைவணக்கம் அப்படி எளிதில் பிரிபடாத ஒன்று.

கேந்திரிய வித்யாலயாக்களின் காலை வழிபாட்டை எதிர்த்த மனுவை உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2019 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். அவ்வழக்கு பற்றிய விவாதம் பெரும்பாலும் பாடப்படும் சுலோகத்தின் பொருளைச் சுற்றியே நடக்கிறது: அது சமயம் சார்ந்ததா, பொதுவான அறமா என்று. மூன்றாம் கூறின்படி முதலில் விசாரிக்க வேண்டியவை வேறு: அது வழிபாடா, கைகளைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அந்நேரத்தில் போயிருக்க வேறிடம் உண்டா, அதன் பெற்றோரிடம் எவராவது இசைவு கேட்டார்களா என்பவை.