இருமுறை காட்டிக்கொடுத்தவன்: வன்னி வரலாறும் மாணவர் கலைப்படைப்பும்

ஒரு நிலத்து மக்கள் தம் முன்னோர் வரலாற்றை ஏட்டினால் மட்டுமன்றிப் பாட்டினாலும் கூத்தினாலும் அறிந்து வருதல் உலக இயல்பு. வன்னி நாட்டிலும் அவ்வாறே. முல்லைமணி வே. சுப்பிரமணியம் அவர்கள் பண்டார வன்னியன் வரலாற்றை நாடகமாக யாத்தார். பாடசாலை மேடைகளிலும் அவ்வீரன் கதை பலவாறு நடிக்கப்பட்டு வந்துள்ளது. இக்காலத்து மாணவர் கைப்பேசியின் துணைகொண்டு பாடற்காணொளி ஆக்கும் திறம் பெற்றுள்ளனர். மேடை விட்ட இடத்தைத் திரை பற்றிக்கொண்டது எனலாம்.

ஆயின் ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. நாடகத்துக்கு இரண்டு மணி நேரம் உண்டு. பாடற்காணொளிக்கோ நான்கைந்து நிமிடமே. பாத்திரத்தின் உள்ளத்தை விரித்துக்காட்ட அதற்கு அவகாசமில்லை. எனவே, கண்டவுடன் விளங்கத்தக்க அச்சில் வார்த்த உருவங்களையே அது நாடுகின்றது. வாளேந்தி நிற்பவன் வீரன். ஓரக்கண்ணால் நோக்கிப் பதுங்குபவன் துரோகி. கண்ணீர் உகுப்பவள் வீரனின் தங்கை. இவ்வச்சுக்கள் எங்கிருந்து வந்தன, இவை வரலாற்றுக்கு ஒத்தனவா என்பதை ஆராய்தல் நம் கடமையாம்.

முதலில் நிகழ்ச்சியை நோக்குவோம். 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கண்டியரசோடு பொருதித் தோல்வியுற்றிருந்தனர். அச்சமயத்தில் கண்டியரின் ஆதரவோடு பண்டார வன்னியன் கிளர்ந்தெழுந்து, ஆகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அங்கிருந்த தளபதி வொன் டிரிபேர்க் படகேறி யாழ்ப்பாணம் சென்றான். பின்னர் மன்னார், திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய முத்திசைகளிலிருந்தும் ஆங்கிலப்படை வன்னியுட் புகுந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வன்னியன் தோற்கடிக்கப்பட்டான். பிற்காலத்தில் ஆங்கிலேயர் அவ்விடத்தில் நாட்டிய கல்லிலே வென்றவன் பெயர், தோற்றவன் பெயர், நாள் என்பனவே பொறிக்கப்பட்டிருந்தன. காட்டிக்கொடுத்தவன் ஒருவனைப்பற்றி அக்கல் யாதும் கூறவில்லை.

மேடைக் கதையோ வேறு கூறும். காக்கை வன்னியன் என்பான் பண்டார வன்னியனின் தங்கையை மணம் வேண்டி மறுக்கப்பட்டான். அச்சினத்தால் வெள்ளையரோடு கூடிக் காட்டிக்கொடுத்தான். அதனாலேயே வன்னி வீழ்ந்தது என்பது அக்கதை. இன்றும் ஒருவனைப் பழிக்க வேண்டின் "காக்கை வன்னியன்" என்றழைத்தல் நம்மவர் வழக்கு.

இப்பெயர் இதற்கு முன்னரும் ஓரிடத்தில் வருகின்றது என்பது நோக்கற்பாலது. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையிலே, சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் அகப்படுத்தியவனும் காக்கை வன்னியனே! யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் வசமானது 1619ஆம் ஆண்டில். கற்சிலைமடுப் போர் நிகழ்ந்தது அதற்கு 184 ஆண்டுகள் பின்னர். ஒரே பெயர், ஒரே செயல், இரண்டு வீழ்ச்சிகள். பெயரொற்றுமை தற்செயலாகவும் அமையலாம் என்பார் உளர். அமையலாம், ஆயினும் செயலும் ஒன்றாயிருத்தலை நோக்குமிடத்து, முன்னைக் கதையின் துரோகி பின்னைக் கதைக்கு வந்து குடிபுகுந்தான் எனக் கொள்ளுதலே பொருத்தமாகத் தோன்றுகின்றது. முதற் கதையிலேகூட, சங்கிலி கடல்வழியே தப்ப முயன்றபோது பிடிபட்டான் என்றே போர்த்துக்கேயர் வரலாறு கூறும்.

காட்டிக்கொடுத்தவர் எக்காலத்தும் இலர் எனச் சாதித்தல் எம் கருத்தன்று. ஒரு துரோகியைக் கண்டவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது என்பதே எம் கவலை. முத்திசையிலும் சூழ்ந்த படையின் வலிமை யாது? கண்டியரின் உதவி எவ்வளவில் நின்றது? ஒல்லாந்தர் 1780களில் வன்னியை அடக்கியதனால் அந்நாடு முன்னரே எத்துணை நலிந்திருந்தது? இவ்வினாக்கள் யாவும் காக்கை வன்னியனின் நிழலில் மறைந்துபோகின்றன. தோல்விக்குக் காரணம் தேடும் உழைப்பைத் தவிர்த்து, ஒருவன் தலையில் பழியைச் சுமத்தி அமைதியுறுகின்றோம்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் பிழையன்று. துரோகி என்னும் ஒரு சொல்லே விசாரணையும் தீர்ப்புமாகி, மனிதர் உயிரைக் குடித்த காலத்தை இம்மண் கண்டிருக்கின்றது. 2009ஆம் ஆண்டின் பேரழிவைக் கடந்துவந்த வன்னியிலே, அச்சொல்லை எளிதாக எடுத்தாளும் கலை, ஆறாத புண்ணைக் கிளறுவதாகும். கண்ணின் நோக்காலும் உடையின் நிறத்தாலும் ஒருவனைத் துரோகியென அறியலாம் என்று சிறார்க்குக் கற்பிக்கும் படம், அயலானை ஐயுறவும் கற்பித்துவிடும்.

பெண்டிரைக் காட்டும் முறையும் இத்தன்மையதே. வன்னியின் பழைய ஆட்சியாளருள் வன்னிச்சியர் என்னும் பட்டம் தாங்கிய பெண்டிரும் இருந்தனர். ஒல்லாந்தர் ஆவணங்கள் அவர்களைக் குறிப்பிடுகின்றன. ஆட்சியுரிமை பூண்ட பெண்டிர் வாழ்ந்த நாட்டின் கதையிலே, பெண்ணுக்கு அழுகையையும் காதலையும் மட்டுமே அளித்தல் வரலாற்றுக்கும் குறைவு, கலைக்கும் குறைவு.

மாணவர் செய்யத்தக்கது யாது? பாடலை விடுத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுக என்று யாம் கூறவில்லை. நான்கு நிமிடத்திலும் உண்மைக்கு இடமுண்டு. படகேறும் தளபதி, காட்டுவழியே மூன்று பக்கமும் நெருங்கும் படை, கற்சிலைமடுவின் கல், அக்கல்லிலே எழுதப்படாத நூற்றுக்கணக்கான வன்னிக் குடிகள் ஆகிய காட்சிகளுக்குத் துரோகி ஒருவன் தேவையில்லை. ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலையும், வைபவமாலையையும், ஊர் முதியோர் வாய்மொழியையும் ஒப்புநோக்கிய பின்னர்ப் படமெடுக்க முற்படின், மாணவர் கையிலுள்ள சிறு கருவி பெரும்பணி ஆற்றும். வீரனைப் போற்றுதல் எளிது. அவன் ஏன் தோற்றான் என்று அஞ்சாது வினாவுதலே அவனுக்கு நாம் செய்யும் மெய்யான வணக்கமாகும்.