வெளியே வைக்கப்பட்டோர்: ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரின் வரலாறு

அரச வமிசங்களின் பெயர்வரிசையை மனனஞ் செய்வதே வரலாற்றுக் கல்வி என நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. ஆயின், சாமானிய மக்கள் தாங்கிவரும் பெயர்களிலும் வரலாறு உறைந்து கிடக்கின்றது. அவற்றைக் கூர்ந்து நோக்குவோமாயின், அரண்மனைச் சாசனங்கள் கூறாத உண்மைகள் சில நமக்குப் புலனாகும். தக்கவொரு சான்றாக இத்தாலியில் வழங்கும் 'எஸ்பொசிற்றோ' என்னும் குடும்பப் பெயரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

நேப்பிள்ஸ் நகரிலும் அதனைச் சூழ்ந்த காம்பானியாப் பிரதேசத்திலும் மிகப் பரவலாகக் காணப்படும் பெயர் இது. 'வெளியே வைக்கப்பட்டவர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கே இப்பெயர் முதலில் இடப்பட்டது. நேப்பிள்ஸ் நகரின் அநுன்சியாற்றா என்னும் கிறிஸ்தவ அறநிலையம் இத்தகைய குழந்தைகளைப் பல நூற்றாண்டுகளாக ஏற்று வந்தது. அதன் சுவரிலே சுழலும் மர உருளையொன்று பொருத்தப்பட்டிருந்தது. தெருவில் நிற்பவள் குழந்தையை அதனுள் வைத்துச் சுழற்றுவாள். உள்ளே இருப்போர் அவள் முகத்தைக் காணாமலே குழந்தையை எடுத்துக்கொள்வர். இக்குழந்தைகளைத் 'தேவமாதாவின் பிள்ளைகள்' என மக்கள் அழைத்தனர். பதிவேட்டிலோ அவர்கள் எஸ்பொசிற்றோக்கள் ஆயினர்.

இவ்வழக்கம் நேப்பிள்ஸுக்கு மட்டும் உரியதன்று. உரோமில் 'எறியப்பட்டவர்' எனப் பொருள்படும் 'புரொயெற்றி', புளோரன்சில் 'மாசற்றவர்' எனப் பொருள்படும் 'இன்னொசெந்தி' என்பனவும் இவ்வாறே தோன்றிய பெயர்களாகும்.

இக்குழந்தைகள் யாவரும் மணவுறவுக்குப் புறம்பே பிறந்தவர்கள் எனக் கருதுதல் தவறு. பஞ்சகாலங்களில் மணமான தம்பதியரும் வறுமை தாங்காது தம் மக்களை உருளையில் வைத்தனர். புளோரன்ஸ் நகரத்து அறநிலையத்திற் பாதியாக உடைக்கப்பட்ட பதக்கங்கள் இன்றும் பேணப்படுகின்றன. ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்து மறுபாதியைத் தம்மிடம் வைத்திருந்த பெற்றோர், என்றோ ஒருநாள் திரும்பிவந்து பிள்ளையை மீட்கலாமென நம்பியிருந்தனர். அன்பில்லாத நெஞ்சு அவ்வாறு பதக்கத்தை உடைத்திராது. பிள்ளையைக் கைவிடச் செய்தது இல்லாமையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியனின் தளபதியான முரா நேப்பிள்ஸின் அரசனாக இருந்தான் (1808–1815). பெயரே களங்கமாக ஒட்டிக்கொள்வதைக் கண்டு, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்பொசிற்றோ என்னும் பெயரை இடலாகாது என அவனது ஆட்சி தடைவிதித்தது. இது முற்போக்கான செயலே. ஆயினும், அதே ஆட்சியிற் புகுந்த நெப்போலியச் சட்டக்கோவை, குழந்தையின் தந்தை யாரெனத் தேடுவதைத் தடைசெய்தது. ஒன்றிணைந்த இத்தாலியின் 1865ஆம் ஆண்டுக் குடியியற் சட்டக்கோவையும், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, அத்தடையைப் பேணிற்று. பெயரை மாற்றிய சட்டம் பொறுப்பற்ற தந்தையையும் அவனது சொத்தையும் காத்தது. பழியையும் பாரத்தையும் தாயே சுமந்தாள். இம்முரண்பாட்டில் அச்சட்டத்தின் வர்க்கச் சார்பையும் ஆணாதிக்கச் சார்பையும் நாம் தெளிவாகக் காணலாம். அநுன்சியாற்றாவின் உருளை 1875இல் மூடப்பட்டது. அதனை இயக்கிய வறுமை மூடப்படவில்லை.

1861இல் இத்தாலிய இராச்சியம் உருவானதும் தென்னகத்து விவசாயிகளுக்கு விடிவு பிறக்கவில்லை. நிலம் பெருநிலக்கிழாரிடமே தங்கிற்று. 1869இல் தானியம் அரைப்பதற்கும் வரி நடைமுறைக்கு வந்தது; ஏழையின் அன்றாட ரொட்டியே வரிக்கு உட்பட்டது. இந்நிலையில் மக்கள் துறைமுகங்களை நாடினர். 1876க்கும் 1915க்கும் இடையில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் இத்தாலியர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஆர்ஜென்ரீனா, பிரேசில், அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகியன அவர்களுட் பெருந்தொகையினரை ஈர்த்தன. அவர்களோடு எஸ்பொசிற்றோ என்னும் பெயரும் கடல் கடந்தது. ஒருகால் தாயின் மடியினின்று வெளியே வைக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள், இப்போது தாய்நாட்டினின்றே வெளியே வைக்கப்பட்டனர் எனலாம்.

நியூயோர்க் துறைமுகத்தின் எலிஸ் தீவில் 1892 முதல் இயங்கிய குடிவரவு நிலையத்து அதிகாரிகள் வந்தோரின் பெயர்களைத் தம் மனம்போல் மாற்றினர் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்குகின்றது. உண்மை வேறு. புறப்படும் துறைமுகத்திற் கப்பல் நிறுவனத்தார் எழுதிய பட்டியலை ஒப்புநோக்குவதே அவ்வதிகாரிகளின் பணி. பெயர்மாற்றங்களுட் பெரும்பாலானவை, பின்னர் புதிய நாட்டில் வேலை தேடியும் ஏளனத்துக்கு அஞ்சியும் மக்கள் தாமே செய்துகொண்டவை. எனினும், எஸ்பொசிற்றோக்கள் பலர் தம் பெயரைக் கைவிடவில்லை. மொழி அறியாத அயலாருக்கு அது இழிவின் பொருள் தரவில்லை. மற்றுமோர் இத்தாலியப் பெயராகவே ஒலித்தது.

தாய்நாட்டிலே மாற்றம் தாமதித்தே வந்தது. பாசிசம் வீழ்ந்தபின் 1948இல் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசியலமைப்பு, மணவுறவுக்குப் புறம்பே பிறந்த பிள்ளைகளையும் பேணிக் கற்பிப்பது பெற்றோரின் கடமையென விதித்தது. அன்றாட ஆவணங்களிற் பெற்றோர் பெயரைக் குறிக்கும் வழக்கத்தை 1955ஆம் ஆண்டுச் சட்டமொன்று அகற்றிற்று. தந்தை பெயர் அறியாதோர் ஒவ்வோர் அலுவலகத்திலும் தலைகுனிய நேர்ந்த நிலை அதனால் மாறத் தொடங்கிற்று.

இன்று எஸ்பொசிற்றோ என அழைக்கப்படுவோர் எவரும் அப்பெயருக்காக நாணவேண்டியதில்லை. குழந்தையை வெளியே வைக்குமாறு தாயை நிர்ப்பந்தித்த சமுதாய அமைப்பே நாணத்தக்கது. மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் நாம், மன்னர் பெயர்களோடு இத்தகைய பெயர்களையும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோமாக.