யாருடைய காதுக்கு அமைதி? கம்பியில்லா ஹெட்செட்டின் இரு வரலாறுகள்

(சற்றே நீண்ட பதிவு.)

தொலைபேசி வழியாக நேர்காணல் எடுக்கும் ஆய்வு மாணவர்கள் சிலர், இரைச்சல் நீக்கும் வசதியுள்ள கம்பியில்லா ஹெட்செட்டுகளில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தனர். ஒரு மாடலின் பெயரைச் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்விதான். ஆனால் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் 'இரைச்சல் நீக்கம்' என்ற சொல் இரு வேறு தொழில்நுட்பங்களைக் குறிக்கிறது. ஒன்று கேட்பவரின் காதைக் காப்பது. மற்றொன்று பேசுபவரின் குரலைக் காப்பது. இரண்டும் வெவ்வேறு தேவைகளிலிருந்து, வெவ்வேறு மனிதர்களின் உழைப்பில் பிறந்தவை. முன்னதற்குப் பணம் கொடுத்துவிட்டுப் பின்னதும் கூடவே வந்துவிட்டதாக நம்புவோரே மிகுதி. ஆகவே இந்த வரலாற்றைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலவில்லை.

எனது ஆய்வுக்களம் செகந்திராபாத் படைமுகாமை ஒட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள். 1798-இல் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட துணைப்படை ஒப்பந்தத்தின்பின் சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகள் இங்கு நிலைகொண்டன. 1806-இல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் ஊர் செகந்திராபாத் ஆயிற்று. படையைத் தொடர்ந்து ஒப்பந்தக்காரர்களும் எழுத்தர்களும் பணியாளர்களும் தமிழகத்திலிருந்து வந்தனர். ஐரோப்பியத் துருப்புகளுக்காக அகழி சூழ அமைக்கப்பட்ட முகாம் இருந்த இடம் திருமுல்கேரி. தெலுங்கில் அது திருமலகிரி. ஆங்கிலேயரின் காதில் விழுந்த திருமலகிரி அவர்களுடைய ஏடுகளில் 'டிரிமுல்கெர்ரி' ஆகி, அந்த எழுத்துக்கூட்டலின் வழியே தமிழில் திருமுல்கேரியாகத் திரும்பி வந்தது. அரைகுறையாகக் கேட்டது ஒருமுறை ஏட்டில் ஏறிவிட்டால் எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

என்னுடன் பேசும் மூத்தவர்களில் பலர் எண்பது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகளுடன் சென்னையிலோ பெங்களூரிலோ வசிக்கின்றனர். பெரும்பாலும் தொலைபேசியில்தான் பேச முடிகிறது. நான் இருப்பதோ திருமுல்கேரியில். கரீம்நகர் நெடுஞ்சாலையின் போக்குவரத்து ஒருபுறம், ஹக்கீம்பேட்டை விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் மறுபுறம். 'எழுபத்தெட்டில் அப்பா ஓய்வு பெற்றார்' என்பதற்கும் 'எண்பத்தெட்டில்' என்பதற்கும் உள்ள வேறுபாடு முதற்பாதியில் இருக்கிறது. பிற்பாதி இரண்டிலும் ஒன்றே. அந்த முதற்பாதி ஒரு லாரியின் ஹாரனில் கரைந்தால் குடும்ப வரலாறு பத்தாண்டு நகர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எதிர்முனையில் இருக்கிறது. முதுமையில் முதலில் தேய்வது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். மெய்யெழுத்துகளின் கூர்மை பெருமளவு அங்கேதான் உள்ளது. நமது குரல் தெளிவாகப் போய்ச் சேராவிட்டால் அவர்கள் மறுபடி மறுபடி 'என்ன?' என்று கேட்பதில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு 'ஆமாம்மா' என்று சொல்லிவிடுகிறார்கள். வாய்மொழி வரலாற்றில் இந்த 'ஆமாம்' அளவுக்கு ஆபத்தான விடை வேறில்லை. எனவே நமது காதுக்குக் கிடைக்கும் அமைதியைவிட நமது குரலுக்குக் கிடைக்கும் தெளிவே முதன்மையானது. விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன.

குரலைக் காக்கும் தொழில்நுட்பம் பெரிதும் போர்க்களத்தில் வளர்ந்தது. தலையில் அணியும் ஒலிக்கருவி அதற்கு முன்பே உண்டு: அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நதேனியல் பால்ட்வின் தமது வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனை 1910-இல் அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். ஆனால் அது கேட்பதற்கான கருவி மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்குள்ளும் டாங்கிக்குள்ளும் இருந்து பேச வேண்டிய நிலை வந்தபோதுதான், எஞ்சினின் பேரொலிக்கு நடுவே மனிதக் குரலை எப்படிப் பிரித்தெடுப்பது என்ற கேள்வி கடுமையாயிற்று.

முதலில் பரவலாகப் பயன்பட்ட விடை, கழுத்தில் கட்டும் தொண்டை மைக். குரல்வளையின் அதிர்வைத் தோலின் வழியே பெறுவதால் வெளியொலி அதில் அதிகம் ஏறாது. ஆனால் அதில் வந்த பேச்சு குழறலாக இருந்தது. தமிழ் மாணவர்களுக்கு இதன் காரணத்தை விளக்குவது எளிது. எழுத்துகள் பிறக்கும் இடங்கள் எட்டு என்கிறது தொல்காப்பியத்தின் பிறப்பியல். தொண்டை மைக் அவற்றில் மிடற்றை மட்டுமே அருகிருந்து கேட்கிறது. நாவும் பல்லும் இதழும் அண்ணமும் செய்யும் வேலை அதற்கு மங்கலாகவே எட்டுகிறது. உயிரொலி கிடைக்கும், மெய் மங்கும்.

அடுத்த விடை உதட்டு மைக். அமெரிக்கத் தரைப்படையின் டி-45 என்ற மைக் மேலுதட்டின்மேல் மீசைபோல் அமர்ந்தது. அதன் முன்னும் பின்னும் திறப்புகள் உண்டு. தொலைவிலிருந்து வரும் எஞ்சின் ஓசை இரு திறப்புகளிலும் ஏறத்தாழச் சம அழுத்தத்துடன் நுழைந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அருகிலிருக்கும் வாயின் ஒலி ஒரு பக்கம் வலுவாகத் தாக்குவதால் எஞ்சி நிற்கும். மின்சுற்றோ கணக்கீடோ தேவையில்லை, நெருக்கம் ஒன்றே போதும். பிபிசியின் நேர்முக வருணனையாளர்கள் மைதான ஆரவாரத்துக்கு நடுவே மேலுதட்டில் அழுத்திப் பிடித்துப் பேசிய மைக்கும் இதே கோட்பாட்டினதுதான். இன்று ஹெட்செட்டிலிருந்து வாயருகே நீளும் தண்டு மைக் இவற்றின் நேர் வாரிசு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு 3 சென்டிமீட்டரிலிருந்து 12 சென்டிமீட்டராகக் கூடினால் குரலின் அளவு சுமார் 12 டெசிபல் குறைகிறது; தெருவின் இரைச்சலோ அப்படியே இருக்கிறது. காதுக்குள் செருகும் சிறு மொட்டுகள் தொடக்கத்திலேயே இந்த 12 டெசிபலை இழந்துவிட்டு, மென்பொருளைக்கொண்டு அதை மீட்க முயல்கின்றன.

போர்க்காலத்தின் இன்னொரு கொடையை நாம் மறந்துவிட்டோம். 1940-இல் ஹார்வர்டில் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் தலைமையில் தோன்றிய உளவியல்-ஒலியியல் ஆய்வகம், தொடர்புக் கருவிகளை மதிப்பிட ஒரு எளிய முறையைச் செம்மைப்படுத்தியது. இரைச்சலுக்கு நடுவே ஒருவர் சொற்பட்டியலை வாசிப்பார். மறுமுனையில் இருப்பவர் காதில் விழுந்ததை எழுதுவார். எத்தனை சொற்கள் சரி என்பதே கருவியின் மதிப்பெண். ஒலி இனிமையா என்பது அங்கே பேச்சேயில்லை. இதற்குப் பின்னர் மீண்டும் வருகிறேன்.

1961-இல் விமானி கோர்ட்னி கிரஹாம், கீத் லார்கின் ஆகியோரின் முயற்சியில் கலிஃபோர்னியாவில் பசிபிக் பிளான்ட்ரானிக்ஸ் நிறுவனம் உருவானது. விமானிகளுக்கென அவர்கள் செய்த இலகுவான ஹெட்செட் விண்வெளிக்குப் போய், 1969-இல் நிலவிலிருந்து ஆம்ஸ்ட்ராங்கின் குரலையும் ஏற்றி அனுப்பியது. அதே வகைக் கருவி பின்னர் தொலைபேசி இயக்குநர்களின் தலைக்கு இறங்கியது. ஹைதராபாத்தில் 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் பெருகிய அழைப்பு மையங்களில், தண்டு மைக் வைத்த ஹெட்செட் இரவுப் பணியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2005 ஆகஸ்ட் 15 அன்று இந்நகரில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவையையும் இவ்வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். சாலை விபத்து நடந்த இடத்திலிருந்து பதற்றத்துடன் வரும் குரலில் ஊர்ப்பெயரைச் சரியாகப் பிடிப்பதில்தான் ஊர்தி எங்கே போகும் என்பது அடங்கியிருக்கிறது. திருமலகிரி என்ற பெயரில் தெலங்கானாவில் வேறு ஊர்களும் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

இனிக் காதைக் காக்கும் வரலாறு. ஜெர்மானியரான பால் லூக், ஓர் ஒலியலையை அதற்கு நேர் எதிரான அலையால் அழிக்கலாம் என்று 1933-இல் காப்புரிமை கோரினார்; 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கருத்து சரியானது, ஆனால் அதைச் செயற்படுத்தும் மின்னணுவியல் அன்று இல்லை. 1953-இல் ஆர்சிஏ நிறுவனத்தின் ஹாரி ஆல்சனும் எவரெட் மேயும் ஆய்வக அளவில் ஒரு மின்னணு ஒலி உறிஞ்சியைச் செய்து காட்டினர். அடுத்த பெரிய நகர்வில் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. ஆங்கிலேய அரசின் கெடுபிடியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற வங்க விடுதலைப் போராளி நோனி கோபால் போஸின் மகன் அமர் போஸ், 1978-இல் ஜூரிக்கிலிருந்து திரும்பும் விமானத்தில் கொடுக்கப்பட்ட ஹெட்போனில் எஞ்சின் ஓசையை மீறி எதுவும் கேட்காததால், பயணத்தின்போதே கணக்குப் போடத் தொடங்கினார். 1986-இல் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில் முன்மாதிரி பயன்பட்டது. 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனமும் லுஃப்தான்சாவுக்காக அதே காலத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இந்தத் தொழில்நுட்பம் சிறப்பாக வேலை செய்வது தாழ்ந்த அதிர்வெண்களில்: எஞ்சின் முழக்கம், ஏசி, மின்விசிறி. அலைநீளம் குறையக் குறைய எதிரலையைப் பொருத்துவது கடினமாகிறது. ஹாரன், குக்கர் விசில், பக்கத்து வீட்டுப் பேச்சு ஆகியவற்றைத் தடுப்பது பெரும்பாலும் காதை மூடும் மெத்தைதான். இவையனைத்தும் அணிபவரின் காதுக்கு மட்டுமே. எதிர்முனையில் இருப்பவருக்கு இதனால் எள்ளளவும் பயனில்லை. பேரிரைச்சலில் நிற்கிறோம் என்பதே நமக்கு மறந்துபோவதால் குரலைத் தாழ்த்திவிடும் தீமைகூட உண்டு.

கம்பியை நீக்கியதற்கும் ஒரு விலை இருந்தது. 1994-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் தொடங்கிய பணி ப்ளூடூத் ஆயிற்று. அதன் தொடக்ககாலப் பேச்சுத்தடம் நொடிக்கு 64,000 பிட், 8,000 மாதிரிகள் என்ற பழைய தொலைபேசி அளவிலேயே நின்றது. 3,400 ஹெர்ட்சுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஸகரமும் ஃபகரமும் வேறுபடுவது பெரும்பாலும் அதற்கு மேலேதான். 2011-இல் வந்த அகன்ற அலைவரிசைத் திருத்தம் மாதிரிகளை 16,000 ஆக்கியது. பாட்டுக் கேட்கும்போது அருமையாக ஒலிக்கும் ஹெட்செட், மைக் இயங்கத் தொடங்கியவுடன் மட்டமாகிவிடுவதற்குக் காரணம் பழுதன்று. பாட்டுக்கும் பேச்சுக்கும் ப்ளூடூத் தனித்தனித் தடங்களை வைத்திருப்பதே. கடையில் பாட்டுப் போட்டுப் பார்த்து வாங்குவதன் பயனின்மை இதிலிருந்து விளங்கும்.

மென்பொருள் வழி நீக்கம் 1975-இல் பெர்னார்ட் விட்ரோவும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரையில் தெளிவான வடிவம் பெற்றது: குரலுக்கு ஒரு மைக், இரைச்சலுக்கு ஒரு மைக், இரண்டாவதைக்கொண்டு முதலாவதைத் திருத்துவது. தாயின் இதயத்துடிப்பை நீக்கிக் கருவின் துடிப்பைப் பிரித்துக் காட்டியதும் அதே கட்டுரைதான். 1979-இல் ஸ்டீவன் போல் ஒற்றை மைக்கிலேயே இரைச்சலின் நிறமாலையைக் கழிக்கும் வழியைக் காட்டினார். இன்று நரம்பு வலைப்பின்னல்கள் 'எது பேச்சு' என்பதைக் கற்றுக்கொண்டு மற்றவற்றை அழிக்கின்றன.

இந்த இடத்தில்தான் வரலாற்று மாணவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எது பேச்சு என்று முடிவு செய்வது யார்? பேச்சன்று என்று கருவி எண்ணுவதில் பெருமூச்சு உண்டு, நெடிய விசும்பல் உண்டு, பாட்டு உண்டு. முகாமில் வளர்ந்த ஒரு மூதாட்டி தமது தாயார் பாடிய ஒப்பாரியை எனக்குத் தொலைபேசியில் பாடிக் காட்டினார். நீட்டிப் பாடிய இடமெல்லாம் பதிவில் விட்டுவிட்டு வந்தது. அவரது பக்கத்துச் செயலி அந்த இழுவையை இரைச்சல் என்று தீர்மானித்திருந்தது. நமது ஹெட்செட் எவ்வளவு உயர்ந்ததானாலும் அங்கே அழிந்ததை இங்கே மீட்க இயலாது. செயலியில் இந்த நீக்கத்தை நிறுத்தும் வசதி இருந்தால் அவரது வீட்டில் உள்ள இளையவர் எவரையாவது அதை நிறுத்தித் தரச் சொல்லலாம். பாட்டு என்று தெரிந்தால் நேரில் போய்விடுவதே மேல்.

மாடல்கள் ஆண்டுதோறும் மாறுவதால் எதையும் பரிந்துரைக்கவில்லை. நான் பார்ப்பவை சில. வாயருகே வரும் தண்டு மைக் கட்டாயம். பார்வைக்கு அழைப்பு மைய ஊழியர்போல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அகன்ற அலைவரிசைப் பேச்சை ஹெட்செட்டும் கைப்பேசியும் இரண்டும் ஏற்க வேண்டும். தட்டினால் உடனே மைக்கை நிறுத்தும் பொத்தான் வேண்டும். காதுப் பக்கத்து நீக்கம் இருந்தால் நல்லது. பணம் போதாவிட்டால் முதலில் விடவேண்டியது அதைத்தான்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஹார்வர்டு முறையைத் தமிழில் செய்து பாருங்கள். கலம், களம், மலை, மழை, தால், தாள், தாழ், மனம், மணம், அரம், அறம் என ஐம்பது சொற்களைக் கலைத்துப்போட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடையில் அறுபத்தொன்று, எழுபத்தொன்று, எண்பத்தொன்று போன்ற எண்களையும் சேருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, வீட்டில் உள்ள பாட்டியையோ தாத்தாவையோ அழைத்து, ஒவ்வொன்றாக வாசியுங்கள். அவர்கள் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லி அருகில் இருப்பவர் எழுதட்டும். ரகர றகரத்தைப் பேச்சில் வேறுபடுத்தாத குடும்பமானால் அரம், அறத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். பிறகு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வெறும் கைப்பேசியில் அதே பட்டியலை வேறு வரிசையில் வாசியுங்கள். கைப்பேசிக்கு அதிக மதிப்பெண் வந்தால் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.