ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் திணறுகிறதா? பாகத்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கொல்கத்தாவின் தென்மேற்கில் உள்ள பெஹாலாவுக்கு டயமண்ட் ஹார்பர் சாலைதான் உயிர்நாடி. தாராதலாவில் தொடங்கி பெஹாலா சௌராஸ்தா, ஜோகா வரை பஸ், ஆட்டோ, லாரி எல்லாம் நெருக்கியடித்துப் போகும். இங்கே சந்திப்பைக் கடக்கும்போது கார் இரண்டு நொடி திணறினாலே ஆபத்து.

நம்ம ஊரில் இதை 'பிக்கப் இல்ல', 'மிஸ்ஸிங் அடிக்குது' என்போம். பெஹாலா மெக்கானிக்கிடம் 'காடி பிக்கப் நிச்சே நா' என்றால் புரிந்துகொள்வார். ஆனால் அதோடு நிறுத்தினால், ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றும் படலம் தொடங்கிவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல மடங்காவது இப்படித்தான்.

ஏன் திணறுகிறது?

பெட்ரோல் இன்ஜினுக்கு மூன்று விஷயங்கள் தேவை: காற்று, எரிபொருள், தீப்பொறி. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். நீங்கள் மிதித்ததும் காற்று சட்டென்று அதிகமாகும். அதற்கு ஈடாகப் பெட்ரோல் வரவில்லை என்றாலோ, தீப்பொறி பலவீனமாக இருந்தாலோ கார் திக்கும்.

நகர டிராஃபிக்கும் ஒரு காரணம். டாம்டாம் நிறுவனத்தின் 2024 பட்டியலில் கொல்கத்தாவில் 10 கி.மீ கடக்க சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேல் ஆனது. ஊர்ந்து ஊர்ந்தே ஓடும் காரில் த்ராட்டில் பாடியிலும் ஸ்பார்க் பிளக்கிலும் கரி சீக்கிரம் படியும்.

எப்போது திணறுகிறது என்று கவனியுங்கள்

பழுதைக் கண்டுபிடிக்க இதுதான் முதல் தடயம்.

• நின்று கிளம்பும்போது மட்டும்: த்ராட்டில் பாடியில் அழுக்கு, அல்லது காற்றுக் குழாயில் விரிசல்.

• மாஜேர்ஹாட் பாலம் போன்ற ஏற்றத்தில், ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது: ஃப்யூயல் பம்ப் அழுத்தம் குறைவு, ஃபில்டர் அடைப்பு, தேய்ந்த பிளக், அல்லது அடைத்துக்கொண்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர்.

• காலையில், இன்ஜின் சூடாகும் வரை: பிளக், அல்லது கூலன்ட் வெப்பநிலை சென்சார்.

• பெட்ரோல் போட்ட சில கி.மீ-க்குள்: எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் அதோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

• ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலை: கிளட்ச் தேய்மானம். இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

ஏஎம்டி கார்கள் கியர் மாற்றும்போது சற்றுத் தயங்குவது இயல்பு. டர்போ கார்கள் குறைந்த ஆர்பிஎம்மில் மெதுவாக இழுப்பதும் அப்படித்தான். முன்பு இல்லாத தயக்கம் இப்போது வந்திருந்தால் மட்டுமே அது பழுது.

அடுத்து, ஸ்கேன்

2020 ஏப்ரல் 1 முதல் அமலான பிஎஸ்-6 கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதற்கு முந்தைய பல கார்களிலும் உண்டு. சாதாரண புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, பிழைக் குறியீட்டை மொபைலிலேயே படிக்கலாம்.

பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று குறிப்பிட முடியாத மிஸ்ஸிங். பி0301 என்றால் முதல் சிலிண்டரில். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. குறியீடு சொல்வது அறிகுறியை மட்டுமே. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லாது.

பி0301 வந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் பொருத்தி ஓட்டச் சொல்லுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் பிளக், பிறகு இன்ஜெக்டர்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

1. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அப்பியிருந்தாலோ நனைந்திருந்தாலோ மாற்றுங்கள்.

2. பிளக்கைச் சோதியுங்கள். எத்தனை கி.மீ-க்கு மாற்ற வேண்டும் என்பது ஓனர் மேனுவலில் இருக்கும்.

3. த்ராட்டில் பாடியை அதற்கான கிளீனர் கொண்டு சுத்தம் செய்யுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளக் கூடாது.

4. காற்று, வேக்கம் குழாய்களில் விரிசல் பாருங்கள்.

5. இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் ஃப்யூயல் பிரஷரை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் பம்ப் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

மழைக்குப் பிறகு

2025 செப்டம்பர் 22-23இல் கொல்கத்தாவில் 24 மணி நேரத்துக்குள் 250 மி.மீ-க்கு மேல் மழை கொட்டியது. சாதாரண மழைக்கே பெஹாலாவின் பல தெருக்களில் தண்ணீர் நிற்கும். அதில் ஓட்டிய பிறகு திணறினால் காயில், வயர் இணைப்புகள், ஏர் ஃபில்டர் மூன்றையும் பாருங்கள்.

தண்ணீருக்குள் கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் பொதுவாக இதற்கு க்ளெய்ம் கிடைக்காது.

எப்போது ஓட்டவே கூடாது?

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், மெதுவாக ஓட்டிச் சீக்கிரம் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஸிங் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். அதன் விலை காயிலைப் போலப் பல மடங்கு. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு டோவிங்குக்கு அழையுங்கள்.

பெட்ரோல் வாடை வந்தாலும், ஓடும்போது இன்ஜின் அணைந்து அணைந்து போனாலும் இதேதான்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

எந்த வேகத்தில், எந்த ஆர்பிஎம்மில், இன்ஜின் சூடாக இருந்தபோதா குளிர்ந்திருந்தபோதா, கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்று எழுதிக்கொடுங்கள். பிழைக் குறியீட்டை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன், திணறிய அதே சூழலில், ஏற்றமோ ஏசியோ, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.