காக்கை வன்னியன் மட்டுமா?

யாழ்ப்பாண அரசு எதனால் வீழ்ந்தது என்று எவரிடமேனும் கேட்டால், காக்கை வன்னியன் காட்டிக் கொடுத்தான் என்ற விடை உடனே வரும். ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை தந்த விடை அது. 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொல்வித்த முதலாம் சங்கிலியையும், 1619இல் முடியிழந்த இரண்டாம் சங்கிலியையும் அந்நூல் ஒருவராகவே ஆக்கிவிட்டது. மன்னன் ஒருவன், துரோகி ஒருவன், கதை முடிந்தது. வரலாறு அத்துணை எளிதாக முடிவதில்லை.

1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்தரே பூர்த்தாடோ நல்லூரைக் கைப்பற்றி, எதிர்மன்னசிங்கனை அரியணையில் அமர்த்தினான். அன்றே யாழ்ப்பாணத்து முடி அந்நியர் கையிலிருந்து பெறும் பொருளாகிவிட்டது. 1617இல் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது வாரிசு சிறு குழந்தை. அக்குழந்தையின் பெயரால் ஆள்வது யார்? சங்கிலி குமாரன் இக்கேள்விக்கு வாளால் விடை கூறினான். அரச குடும்பத்தினர் பலர் மாண்டனர். போர்த்துக்கேயரும் அவனையே பரிபாலகனாக ஏற்றனர்.

முதலிமார் சிலர் இதைப் பொறுக்கவில்லை. 1618இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைமை தாங்கியவன் மிகப்பிள்ளை ஆராச்சி என்னும் கிறிஸ்தவப் பிரபு. சங்கிலி யாரை நாடினான்? தன் குடிகளை அன்று. தஞ்சை இரகுநாத நாயக்கனை. வருணகுலத்தான் தலைமையில் வந்த தஞ்சைப் படை கிளர்ச்சியை அடக்கியது. போர்த்துக்கேயர் தேடிய காரணமும் அதனால் அவர்களுக்குக் கிடைத்தது. 1619இல் பிலிப் தெ ஒலிவேரா படையுடன் வந்தான். தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டு, 1623இல் கோவாவில் மரண தண்டனைக்கு ஆளானான்.

மிகப்பிள்ளையின் கதை இத்துடன் முடியவில்லை. சங்கிலியை எதிர்த்த அவனே 1620இல் போர்த்துக்கேயரை எதிர்த்தான். அதற்கு அவன் நாடியது யாரை? முன்பு தன்னை ஒடுக்கிய அதே தஞ்சையை! அவன் துரோகியா, விடுதலை வீரனா? இரு பெயர்களும் பொருந்தா. குடிகளை ஒரு பொருட்டாக மதியாது, அயலரசின் வாளை நம்பிய பிரபு வர்க்கத்தின் பிரதிநிதி அவன்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குறைபாடன்று. ஒல்லாந்து நாட்டுப் பிரபுக்கள் 1350 முதல் 1490 வரை தூண்டிற் கட்சி, கொட் மீன் கட்சி எனப் பிரிந்து பொருதனர். பட்டத்துக்குரிய ஜாக்குலின் சீமாட்டி ஆங்கிலப் பிரபு ஒருவனின் துணையை நாடினாள். எதிர்த்தரப்பினர் பர்கண்டிக் கோமகனை நாடினர். 1433இல் நாடு அந்தக் கோமகனுக்கே உரியதாயிற்று. இரு கட்சிகள் நாட்டைப் பிளந்தன. மூன்றாமவன் அதைக் கொண்டு போனான்.

அந்த ஒல்லாந்தரின் வழித்தோன்றல்களே 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். இடைப்பட்ட காலத்தில் நம் குடிகள் பட்டதென்ன? 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. வேறு கோயில்களும் அழிந்தன, வரி ஏறியது. உழவனுக்கு எசமான் மாறினானேயன்றி, அவன் தோளிலிருந்த சுமை இறங்கவில்லை. நல்லூர் அரண்மனையில் யார் அமர்வது என்று எவரும் அவனிடம் கேட்கவில்லை. அதனாலேயே அது வீழ்ந்தபோது காப்பதற்கு அவனிடம் எதுவும் இருக்கவில்லை.

முழுப் பழியையும் காக்கை வன்னியன் தலையில் ஏற்றினால், சங்கிலியும் முதலிமாரும் குற்றமற்றவராகி விடுகின்றனர். துரோகி ஒருவனைச் சுட்டிக் காட்டுவது எளிது. துரோகத்தை விளைவிக்கும் ஆட்சிமுறையை அறிந்து கொள்வதே, வரலாறு படிப்போர் தம் மக்களுக்குச் செய்யவேண்டிய கடமையாகும்.