பிஸ்கட், ருசி, தீர்ப்பு — சில குறிப்புகள்

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எந்தக் கவிதை தேறும், எது தேறாது என்று நாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தீர்ப்பும் நடந்துகொண்டிருக்கிறது. மாரி பிஸ்கட்டா, குளூக்கோஸா, உப்பு பிஸ்கட்டா? இதில் யாருக்கும் தயக்கமில்லை. தேநீரில் ஒரு முக்கு, ஒரு கடி, முடிந்தது. கோட்பாடு வேண்டாம், நாக்குப் போதும். ரசனை என்பது எதனோடும் ஒட்டாத, தன்னில் பூரணமான ஒரு சக்தி என்று வாதிடுகிறவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான உதாரணம் கிடைக்காது. ஆனால் பிஸ்கட்டின் சரித்திரம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. அதில் நாக்கு கடைசிச் சாட்சியாகத்தான் கூப்பிடப்படுகிறது.

லத்தீன் மூலத்தில் பிஸ்கட் என்றால் இருமுறை சுட்டது. கப்பலில் மாதக்கணக்கில் கெடாமலிருக்க ஈரத்தை அறவே போக்கிய ரொட்டி. அங்கே ருசி ஒரு பிரச்னையே இல்லை, கெடாமலிருப்பதே தகுதி. அந்தப் பெயருக்கு இன்று உண்மையில் பாத்தியதை உள்ளது ரஸ்க்தான். தேநீரோடு தின்னவென்று தகரப்பெட்டியில் வந்த இனிப்பு பிஸ்கட் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சரக்கு. 1822இல் ரெடிங் நகரில் ஒரு சிறு கடையாக ஆரம்பித்த ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலேயே பெரிய பிஸ்கட் கம்பெனியாகிவிட்டது. லண்டன் பெர்மண்ட்ஸியில் 1857இல் தொடங்கிய பீக் ஃப்ரீன், 1874இல் விக்டோரியா ராணியின் இரண்டாவது மகன் ரஷ்ய ஜாரின் மகள் மரியாவை மணந்தபோது, கல்யாண ஞாபகமாக ஒரு வட்ட பிஸ்கட்டை வெளியிட்டு அவள் பெயரை வைத்தது. ஜாரும் போய், சாம்ராஜ்யமும் போய், இளவரசி நம் ஊரில் காய்ச்சல்காரர்களின் பத்தியமாக இருக்கிறாள். மழையும் அம்மனும் ஏற்கனவே மாரி என்று நம் வாயில் இருந்தது பெயர் ஒட்டிக்கொள்ள உதவியிருக்கலாம்.

இந்தியாவுக்குள் வந்தபோது பிஸ்கட்டைப் பற்றி முதலில் கேட்கப்பட்டது, யார் சுட்டது என்பது. மாவில் தண்ணீர் சேர்ந்து, அடுப்பேறி, அந்நியன் கை பட்ட பண்டம். பிபின் சந்திர பால் தன் சுயசரிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். காச்சாரில் படித்த வங்காளிகள் சிலர் தேநீரோடு பிஸ்கட் சாப்பிட்ட விஷயம் வெளியே கசிந்து, சில்ஹட் வரைக்கும் அமளி. ஜாதி விலக்கத்துக்குத் தப்பப் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவர்கள் தின்றது மொறுமொறுப்பாக இருந்ததா, நமுத்துப்போயிருந்ததா என்பது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. 1898இல் தில்லியில் லாலா ராதாமோகன் ஹிந்து பிஸ்கட் கம்பெனியைத் தொடங்கினார். மேல்ஜாதி ஹிந்துக்களின் கை பட்டது என்பதே அந்தச் சரக்கின் யோக்கியதாம்சம். ருசிக்கு முன்னால் கை வந்து நிற்கிறது.

கல்கத்தாவில் 1892இல் 295 ரூபாய் முதலில் ஒரு சிறு வீட்டில் தொடங்கிய தொழில்தான் 1918இல் பிரிட்டானியா என்ற கம்பெனியாகப் பதிவாயிற்று. பம்பாய் வில்லே பார்லேயில் 1929இல் மிட்டாய் செய்ய ஆரம்பித்த சௌஹான் குடும்பம் 1939இல் பிஸ்கட்டுக்கு வந்தது. அதன் குளூக்கோஸ் பிஸ்கட் சாதாரண ஜனங்களை எட்டியது. யந்திரம் கையை மறைத்தது. மேலே சுற்றிய காகிதம் இன்னும் மறைத்தது. யார் சுட்டது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிடவில்லை; கேட்க இடமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இதைச் சமூகப் புரட்சி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வியாபாரம் தன் காரியமாகச் செய்தது.

அடுத்த நீதிபதி வரி. 1991இல் பிரிட்டனில் ஒரு வரித் தீர்ப்பாயம், ஜாஃபா கேக் என்பது கேக்கா, பிஸ்கட்டா என்று விசாரித்தது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு, கேக்குக்கு இல்லை. பெயர், மாவு, அளவு, கடையில் எதன் பக்கத்தில் வைக்கிறார்கள் என்பதெல்லாம் அலசப்பட்டன. அழுத்தமான சாட்சியம் ஒன்று பழசாவதில் கிடைத்தது: பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமுக்கும். ஜாஃபா இறுகியது. கேக் என்று தீர்ப்பாயிற்று. ஒரு பண்டம் எப்படிச் சாகிறது என்பதை வைத்து அதன் ஜாதியை நிர்ணயித்திருக்கிறார்கள்! நம் நாட்டிலோ மலிவு பிஸ்கட்டுக்குக் கலால் வரி விலக்கு இருந்தது, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது குளூக்கோஸுக்கும் விலை உயர்ந்த கிரீம் பிஸ்கட்டுக்கும் ஒரே 18 சதவீதம். 2025 செப்டம்பரில் அது 5 ஆயிற்று.

இவர்களெல்லாம் பேசி முடித்த பிறகு நாக்கு. அதற்கும் ஒரு ஞானம் உண்டு என்பதை மறுக்கமுடியாது. சர்க்கரையும் கொழுப்பும் ஒட்டவைத்த மாவுத் துகள்கள்; இடையிடையே நுண்துளைகள். அவற்றில் தேநீர் ஏறும் வேகத்துக்கு 1921ஆம் வருஷத்து வாஷ்பர்ன் சமன்பாடு பொருந்துகிறது என்று பிரிஸ்டல் பௌதிக அறிஞர் லென் ஃபிஷர் 1999இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இரு மடங்கு தூரம் ஏற நாலு மடங்கு நேரம். படுக்கைவாட்டில் நனைத்து, ஈரம் மேல்முகத்தை எட்டுமுன் எடுத்துவிட்டால் உலர்ந்த பாகம் தாங்கிக்கொள்ளும். இதற்காக அவருக்கு அதே வருஷம் இக் நோபல் என்கிற பரிகாசப் பரிசும் கிடைத்தது. மாரியில் சர்க்கரையும் கொழுப்பும் குறைவு, மாவு இறுகப் பிசைந்தது. நனைந்தும் நிற்கும், தேநீரின் ருசிக்கு இடம் விடும். குளூக்கோஸ் ஒரு கணம் தவறினால் கிளாஸின் அடியில் கூழ். பசித்தவனுக்கு அந்தக் கூழும் கணக்கில் சேரும். கடைசி மடக்கில் அதைத்தான் தேடுகிறான். என் கட்சி மாரி. இப்படிச் சொல்லும்போதே, நான் பசியோடு டீக்கடைக்குப் போனவனில்லை என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

தொழிற்சாலையில் மறைந்த கை டீக்கடையில் திரும்ப வந்தது. தீண்டாமைக்கு எதிரான 1955ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரட்டைக் குவளை நீடித்தது. எங்கள் ஊர்க் கடையில் பிஸ்கட் ஒரே ஜாடியில்தான் இருந்தது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். சேரியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொட்டகை ஓரத்தில் கவிழ்த்து வைத்த அலுமினிய டம்ளர். அதே ஜாடியின் மாரி எனக்குக் கையில் தரப்பட்டது. அவர்களுக்குக் காகிதத்தில் வைத்து நகர்த்தப்பட்டது. குத்தவைத்து உட்கார்ந்து தேநீர் குடிக்கும் ஒரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். அவசரமில்லாமல் நனைத்து, சரியான கணத்தில் எடுப்பார். ஒரு தடவைகூட அவருடைய பிஸ்கட் உடைந்து விழுந்து நான் பார்த்ததில்லை. எது நல்ல பிஸ்கட் என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. நானும்தான்.