காணாத கடலுக்கு ஒரு காவல்

2003 செப்டம்பர் 21 அன்று கலிலியோ விண்கலம் வியாழனின் வளிமண்டலத்துக்குள் செலுத்தப்பட்டு எரிந்து அழிந்தது. பதினான்கு ஆண்டுகள் விண்ணில் உழைத்த கலம் அது. அதை அனுப்பியவர்களே திட்டமிட்டு அழித்தனர். காரணம் ஒரு கடல். அக்கடலை இன்றுவரை எவரும் கண்ணால் கண்டதில்லை.

யூரோப்பா என்னும் அந்தத் துணைக்கோளை 1610 ஜனவரியில் தொலைநோக்கி வழியே கண்டவர் கலிலியோ கலிலி. அதன்பின் மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது நமக்கு ஓர் ஒளிப்புள்ளியாகவே இருந்தது. பூமியைவிட ஐந்து மடங்கு தொலைவில் கதிரவனைச் சுற்றும் வியாழனில் விழும் வெயில், நம் வெயிலில் இருபத்தேழில் ஒரு பங்குதான். அங்கே நீர் உறைந்து கிடக்கும்; உறைந்த நீரில் உயிர் தழைக்காது என்றே எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணத்தை முதலில் அசைத்தது நமது கடலே. 1977இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் வெந்நீர் ஊற்றுகளையும் அவற்றைச் சூழ்ந்து செழித்த உயிர்க்கூட்டத்தையும் கண்டனர். ஊற்றுநீரின் வேதிப்பொருள்களைக் கொண்டு உணவு ஆக்கும் நுண்ணுயிர்களே அந்த இருட்டில் வாழ்வுக்கு அடித்தளம்.

இரண்டாவது செய்தி 1979 மார்ச்சில் வந்தது. வியாழனின் மற்றொரு துணைக்கோளான ஐயோவின் உட்பகுதி உருகியிருக்க வேண்டும் என்று பீல், காசன், ரேனால்ட்ஸ் ஆகிய மூவர் கணித்து எழுதினர். யூரோப்பாவும் கனிமீடும் இழுப்பதால் ஐயோவின் பாதை வட்டமாக அமையாமல் சற்றே நீள்கிறது. வியாழனை நெருங்கியும் விலகியும் செல்லும்போது அதன் உடல் மாறிமாறி நெளிகிறது. மடக்கி மடக்கி வளைத்த கம்பி சூடேறுவதுபோல் உள்ளே சூடேறுகிறது. கட்டுரை வெளிவந்த சில நாட்களிலேயே, வாயேஜர் 1 அனுப்பிய படத்தில் ஐயோவின் எரிமலை பொங்குவது தெரிந்தது. அதே விசை, குறைந்த அளவில், யூரோப்பாவின் பனிக்கடியிலும் நீரை உறையாமல் காக்கக்கூடும். ஜூலையில் வாயேஜர் 2 படம்பிடித்த யூரோப்பாவின் முகத்தில் விண்கல் வடுக்கள் அரிது. விரிசல்களே எங்கும் நிறைந்திருந்தன.

கடலுக்கான வலுவான சான்றைத் தந்தது கலிலியோ கலத்தின் காந்தமானி. வியாழனின் காந்தப்புலம் திசை மாறும்போதெல்லாம் யூரோப்பாவில் தூண்டப்படும் புலமும் மாறுவதை, மார்கரெட் கிவெல்சன் தலைமையிலான குழு 2000 ஜனவரியில் உறுதிசெய்தது. பனிக்கடியில் மின்சாரத்தைக் கடத்தும் ஒரு படலம் இருக்கிறது; உப்புக்கடல் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். அக்கணமே கலம் ஆபத்தாகவும் ஆயிற்று. அது முழுமையாக நுண்ணுயிர் நீக்கப்பட்டு ஏவப்பட்டதன்று. எரிபொருள் தீர்ந்தபின் என்றேனும் யூரோப்பாவில் மோதினால், பூமியின் நுண்ணுயிர் அங்கே குடியேறலாம்.

சனியிலும் இக்கதை திரும்ப நிகழ்ந்தது. ஏறத்தாழ 500 கிலோமீட்டரே குறுக்களவுள்ள என்சிலாடஸின் தென்முனைப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. அத்துகள்களில் உப்பு இருந்தது. பீறலில் ஹைட்ரஜன் வாயுவும் இருந்தது. 2017 செப்டம்பர் 15 அன்று காசினியும் சனிக்குள் செலுத்தப்பட்டது. அது விட்டுச்சென்ற தரவுகளிலிருந்து, 2023இல், அக்கடலில் பாஸ்பேட் இருப்பதும் தெரியவந்தது.

வாழத்தக்க இடம் வேறு, உயிர் வாழும் இடம் வேறு. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் 2030இல் வியாழனை அடைந்து ஆராயவிருப்பதும் முதல் கேள்வியைத்தான். இரண்டாவது கேள்விக்கு என்றேனும் விடை கிடைக்குமானால், அங்கே கண்ட உயிர் நம்மிடமிருந்து சென்றதன்று என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். கடல்கடந்து அமெரிக்காவை அடைந்த ஐரோப்பியருடன் அம்மைநோயும் சென்றது. அதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இம்முறை, கரை சேரும் முன்பே எண்ணிப் பார்த்து, இரண்டு கலங்களை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.